பாதரச ஆவியைத் தேடிப் பீன்யாவில் மூன்று நாள்

1998 ஜூலை, வியாழக்கிழமை. காலை 6.40க்குப் பெங்களூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். பீன்யா தொழிற்பேட்டை அங்கிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் ஒக்கலிபுரத்துத் தமிழர்; மீட்டருக்கு மேல் பத்து ரூபாய் கேட்டார்.

"அங்க என்ன சார் வேலை?"

"காத்துல பாதரசம் இருக்கான்னு பாக்கறாங்க."

"பீன்யா காத்துல எது இல்லைன்னு பாக்கச் சொல்லுங்க சார், சீக்கிரம் முடியும்."

8 மணி. தெருமுனையில் ஜெசிந்தா காத்திருந்தார். பெங்களூர் காக்ஸ் டவுன் பகுதிப் பெண், இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. லேசரால் பாதரச ஆவியை அளக்கும் அவருடைய கருவியைப் பற்றி எழுதத்தான் வந்திருந்தேன்.

வெப்பமானித் தொழிற்சாலைச் சுவரை ஒட்டி ஒற்றை அறை வீடு. அங்கே செல்வி, ஏழு மாதக் கர்ப்பிணி. கணவர் முருகேசன் தொழிற்சாலையில் பாதரசம் நிரப்புபவர்; காலை ஆறு முதல் இரண்டு வரை வேலை. பாதரசம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று செல்விக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரசவம்வரை இங்கேயே இருப்பதா, திருப்பத்தூரில் அம்மா வீட்டுக்குப் போவதா என்பதே அவர் கேள்வி.

ஜெசிந்தாவிடம் விரல் நீளக் கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. உள்ளே தங்கம் பூசிய மணல். காற்றை அதன் வழியே உறிஞ்சினால் பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். சுவரோரம் ஒன்று, அறைக்குள் ஒன்று எடுத்தார். மாலை 4.30க்கு அறைக்குள் மீண்டும் ஒன்று.

வெள்ளி, காலை 11. ஆய்வுக்கூடம். சிவப்புக் கதிரை எதிர்பார்த்துப் போனேன், எதுவும் தெரியவில்லை. இந்த லேசர் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளி. குழாயைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிக் கருவிக்குள் செல்லும். ஒளி பட்டதும் அதன் அணுக்கள் மினுங்கும். அதைத் தாளில் ஒரு பேனா வரையும்.

"நேரா காத்துலயே பாத்துட முடியாதா?"

"ஆக்ஸிஜன் அந்த மினுக்க அணைச்சிடும் சார். ஆர்கான் வாயுல விட்டாதான் க்ளியரா தெரியும்."

சுவரோரக் குழாய்க்குச் சிறு மேடு. அறையின் காலைக் குழாய்க்கு அதைவிடச் சிறியது. மாலைக் குழாய்க்குப் பேனா தாளின் உச்சியில் போய் முட்டியது.

தொழிற்சாலைச் சுவரைவிட வீட்டுக்குள் அதிகமா? கருவி பிசகியதா என்று ஜெசிந்தா வெறும் குழாயைச் சோதித்தார்; கோடு சமமாக வந்தது. பாதரச ஆவி காற்றில் மாதக்கணக்கில் அலையும், மெல்ல வேதிமாற்றம் அடைந்துதான் மழையோடு இறங்கும் என்றார். அப்படிக் காற்றோடு பரவிப்போவது அரை நாளில் இந்த ஓர் அறைக்குள் மட்டும் எப்படிச் சேரும்?

"ஒண்ணும் புரியல சார்."

எனக்கும் புரியவில்லை.

பிற்பகல் 3. செல்வியிடம் விவரம் சொன்னோம். அவர் ஆணியில் தொங்கிய நீலச் சட்டையைக் காட்டினார்.

"அவரு ரெண்டு மணிக்கு மேல வந்து வேலைச் சட்டைய இந்த ஆணிலதான் மாட்டுவாரு மேடம். நேத்து காலைல நீங்க வந்தப்ப இது இங்க இல்ல. சாயங்காலம் இருந்துச்சு."

"தொவைச்சுதானே போடறேன்," என்றார் வேலையிலிருந்து வந்திருந்த முருகேசன்.

"வாரத்துக்கு ஒருக்கா."

"இருக்கலாம் செல்வி," என்றார் ஜெசிந்தா. "ஆனா ஒரு குழாய வெச்சு கன்ஃபர்மா சொல்ல முடியாது. இன்னும் நாலு நாள் எடுக்கணும்."

"எடுங்க மேடம். நான் கெளம்பறேன்."

சனி, பிற்பகல் 3.30. ஜோலார்பேட்டைவரை செல்விக்கும் எனக்கும் ஒரே ரயில். முருகேசன் வேலை முடிந்து நேராக வந்திருந்தார், அதே நீலச் சட்டையில்.

"அங்கேயே நில்லுங்க," என்றார் செல்வி சன்னலிலிருந்து.

முருகேசன் கையிலிருந்த பழப் பையைத் தரையில் வைத்துவிட்டு நான்கடி பின்னால் போனார். நான் அதை எடுத்துச் செல்விக்குக் கொடுத்துவிட்டு ஏறினேன். வண்டி நகர்ந்தது. குற்றவாளி சட்டையா, காற்றா, கருவியா? என் குறிப்பேட்டில் இருந்தவை மூன்று மேடுகள் மட்டுமே.

எதிர் இருக்கை அம்மாள் செல்வியிடம் மெல்லக் கேட்டார்: "வீட்டுக்காரரோட சண்டையா?"

"இல்லக்கா. குளிச்சிட்டு வரச் சொன்னேன். வண்டி கெளம்பிடுமோன்னு அப்படியே ஓடி வந்துட்டாரு."