அக்கா வீட்டுப் பீலி

வானம் இருட்டினால் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது. கண்டியில் இருப்பவனுக்கு இது பெரிய தொல்லை. மத்தியானம் வெயில் கொளுத்தினாலும் மாலையில் மழை கொட்டும் ஊர் இது.

நகரத்தின் மலசலகூடத் தண்ணீரும் குசினியில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் குழாய் வழியே வந்து சேரும் ஆற்றோரத்து நிலையத்தில் எனக்கு வேலை. அங்கே பெரிய தொட்டியில் பழுப்புச் சேறு எந்நேரமும் சுழன்றுகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் இருந்து ஊரின் அழுக்கைத் தின்கின்றன. பிறகு தெளிந்த நீரை மகாவலிக்கு விடுகிறோம். கீழே கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பிள்ளைகள் அந்த ஆற்றில் குளிக்கிறார்கள். தொட்டியில் அந்தச் சேறு சாகாமலிருக்க நாங்கள் காற்று அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் இலையை விட்டு எழும்பிவிடுவார்கள். அதற்காகவே சொல்வேன்.

மழைத் தண்ணீர் மட்டும் எங்கள் குழாய்க்குள் வரக் கூடாது. வந்தால் தொட்டி நிரம்பி, வளர்த்த சேறு ஆற்றோடு போய்விடும். திரும்ப வளர்த்தெடுக்கும் வரை ஊரின் அழுக்கும் அதே வழிதான். ஆனால் மலைச்சரிவில் வீடு கட்டியவர்கள் என்ன செய்வார்கள்? கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் பீலியின் தண்ணீர் கீழ்வீட்டு முற்றத்தில் விழும், சண்டை வரும். கொத்துவேலை மேசனைக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் பீலியைக் கழிவுக் குழாயில் மாட்டிவிடுவார்கள். அவர்களுக்குச் சமாதானம், எங்களுக்கு வெள்ளம்.

போன பெருமழையில் சேறு தொட்டியின் விளிம்புவரை வந்துவிட்டது. பிறகு தெருத்தெருவாகப் புறப்பட்டோம். ஒருவர் பீலியில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்ற, இன்னொருவர் தெருவில் மேன்ஹோலைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். சாயம் ஓடி வந்தால் வீட்டுக்காரர் பிடிபட்டார். அங்கேயே குழாயை அறுத்துவிடுவோம். நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன்.

அந்த வரிசையில் அக்காவின் வீடும் இருந்தது. வேலை முடிந்து போனால் வெளிக் குழாயில் கால் கழுவாமல் என்னை உள்ளே விடமாட்டாள். ஏணியில் ஏறி நானே ஊற்றினேன். தெரு மேன்ஹோலில் சிவப்புச் சாயம் ஓடி வந்தது. அங்கே குந்தியிருந்த, என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் அண்ணாந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு முகம் எரிந்தது.

"அறிவில்லையா அக்கா? என் வேலை என்னன்னு தெரியும்தானே?"

அவள் கோபப்படவில்லை. என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். செங்குத்தாக வெட்டிய மண்மேடு. அதன் அடியில் ஒரு தகரக் கூரை. கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"முந்தி தண்ணி இதுலதான் இறங்குச்சு. ஒரு நாள் மண்ணு சரிஞ்சு அவங்க குசினிச் சுவர் வரைக்கும் வந்துருச்சு. அந்த வீட்டுப் புள்ள கைக்குழந்தையோட மழையில நின்னுச்சு. நான் என்னடா செய்ய? ஒன்னோட சேறு பெருசா, அந்தக் குழந்தை பெருசா?"

ஆற்றில் குளிப்பதும் குழந்தைகள்தான் என்று சொல்லியிருக்கலாம். வீட்டைச் சுற்றித் தெருவுக்கு ஒரு கான், சின்ன வாய்க்கால் மாதிரி, வெட்டினால் தண்ணீர் அந்த வழியாகப் போய்விடும், நானே வந்து வெட்டித்தருகிறேன் என்றேன். அதுவரை விட்டுவைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மற்ற வீடுகளில் அப்படி விடவில்லையே. குழாயை அறுத்தேன். பீலிக்கு அடியில் இரண்டு பேரல்களை வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

அன்று மாலையே மழை அடித்து ஊற்றியது. தொட்டியில் சேறு இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லோரும் சந்தோஷமாகத் தேநீர் குடித்தார்கள். நான் மட்டும் வாசலுக்கும் தொட்டிக்குமாக நடந்தேன். பயமாக இருந்தது. அக்காவுக்குப் போன் எடுக்கவும் பயம்.

கடைசியில் அவளே எனக்குப் போன் எடுத்தாள்.

"ஒன்னோட சேறு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அங்க?"

"பேரல் ரெண்டும் நிரம்பி வழியுது. அந்தப் புள்ளையையும் குழந்தையையும் மேல கூட்டிட்டு வந்துட்டேன். என் கட்டில்லதான் தூங்குது." பின்னால் மழை இரைந்தது. "நாளைக்கு விடிஞ்சதும் மண்வெட்டியோட வந்துரு. கால் எல்லாம் கழுவ வேணாம், அப்படியே உள்ள வா."