வீட்டுக்கும் பூட்டுக்கும் ஒரே வேர்

முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஸ்டோர்ஸில் வேலை செய்யும் நண்பர் சைக்கிளிலிருந்து இறங்காமலே வாசலில் நின்று கத்தினார்: "நம்ம தணிகாசலம் தவறிட்டாம்பா. நெஞ்சு வலியாம்." சட்டையில் ஒரு கை மாட்டியபடி நின்றுவிட்டேன். 'படுக்கையில் கிடக்கும் அக்காவை விட்டுவிட்டு இவன் எப்படிப் போனான்?' என்றுதான் முதலில் தோன்றியது.

பாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அவன் இன்ஸ்பெக்‌ஷன் தணிகாசலம். அளவு மயிரிழை பிசகினாலும் சிவப்பு அட்டையைக் கம்பியில் கட்டி உருப்படியை ஓரம் கட்டிவிடுவான். அவனைத் திட்டாதவர் நம்மில் யார்? ஆனால் கழித்துப் போட்ட அந்த அட்டைகளின் பின்பக்கத்தில் அவன் ஒரு மொழியைச் செய்துகொண்டிருந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கோவில்பதாகையிலிருந்து அவன் வருவான். அம்பத்தூரில் நான் அதே பஸ்ஸில் ஏறுவேன். எண்பதுகளின் நடுவில் ஒரு காலையில் ஓர் அட்டையைக் கையில் திணித்தான். நெமரா என்று ஒரு நாடாம். மலைமலையாக அடுக்கி, அவற்றின் மேல் பறக்கும் பாம்புகளை விட்டிருந்தான். அங்கே பேசுவது நெமரி. எந்த வேரில் எந்தச் சொல் முளைத்தது, எந்தத் தலைமுறையில் எந்த ஒலி தேய்ந்தது, எல்லாம் பொடி எழுத்தில் இருந்தது. 'கவ்' என்றால் மூடு. அதிலிருந்து கவ்தூ, வீடு. கவ்ரா, பூட்டு. கவ்மெ, கடமை.

"இன்னாய்யா உன் நாடு, எல்லாம் மூடிக்கினே கீது?" என்றேன்.

"நானா மூடறேன்? வேர் எங்க கீதோ அங்கதாம்பா முளைக்கும்" என்று சிரித்தான்.

சில மாதம் கழித்து, சொல்லின் தலையில் நிற்கும் ககரம் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது என்று ஒரு சட்டம் போட்டான். கவ்தூ, அவ்தூ ஆயிற்று. அதோடு போயிற்றா? மலைக்கு அவன் ஆசையாக வைத்திருந்த சொல் 'கெலி'. அது 'எலி' ஆகிவிட்டது! மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். அந்த ஒரு சொல்லை விட்டுவிடேன் என்று சொல்லிப் பார்த்தேன். முகம் சுண்டிவிட்டது அவனுக்கு. "சட்டம்னா எல்லாத்துக்கும் சட்டம். புடிச்ச வார்த்தைய மட்டும் தப்பிக்க உட்டா அது பாஷை இல்ல, ஃப்ராடு."

அவனும் தப்பிக்கவில்லை. மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த அவன் அக்கா, சரசக்கா, படுத்த படுக்கை. வேறு நாதியில்லை. கல்யாணம், ஓசூருக்குக் கிடைத்த மாற்றல், இரண்டையும் வேண்டாமென்றான். அத்தனை மலைகளைச் செய்தவன் பரங்கிமலையைத் தாண்டி ஒரு மலையைப் பார்த்ததில்லை.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, கேட்டான். "ஒரு வாரம் அக்காவ உங்க ஊட்ல வச்சிப் பாத்துக்கிறீங்களா? நெஜ மலைய ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன்." சரி என்றேன். டிக்கெட்டும் எடுத்துவிட்டான். கிளம்புவதற்கு முந்தின நாள், மாமியார் உடம்பு முடியாமல் வந்திருக்கிறார், வீட்டில் இடமில்லை என்றேன். பொய். படுத்தே கிடக்கும் ஒரு பெண்ணை ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ள என் மனம் சுளித்தது, அவ்வளவுதான். "பரவால்லப்பா" என்றான். மறுநாளும் எனக்கு அட்டை கொண்டுவந்தான். கோபித்துக்கொண்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த வீட்டுக்குள் நான் முதன்முதலாக நுழைந்தது அவன் சாவுக்குத்தான். வெட்கக்கேடு. காரியமெல்லாம் முடிந்து மறுபடி போனபோது, சுவர் ஆணியில் அட்டைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒன்றை எடுத்து, "கவ்தூ" என்று வாசித்தேன்.

கட்டிலிலிருந்து சரசக்காவின் குரல் வந்தது. "அது பாட்டன் காலத்து பேச்சுப்பா. இப்போ அவ்தூ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நான்கு சுவருக்குள் இருவரும் தினமும் நெமரியில்தான் பேசியிருக்கிறார்கள்!

"உனுக்கும் தெரியுமா? அப்போ அப்பப்போ வாப்பா. தம்பி போனதுலேந்து ஒரு வார்த்த பேச ஆளில்ல." பிறகு, கொஞ்சம் யோசித்துக் கேட்டார்: "அன்னிக்கி உங்க மாமியாருக்கு முடியலன்னு தம்பி ரொம்ப வருத்தப்பட்டுச்சே. இப்போ தேவலையா?"

தேவலை என்றேன்.

நண்பர்களே, இப்போது அவன் செட்டில்மென்ட் பணத்தில் வைத்த ஓர் ஆயா அக்காவைப் பார்த்துக்கொள்கிறார்; நான் ஞாயிறுதோறும் போகிறேன். எனக்குத் தெரிந்த நெமரி அரைகுறை. அக்கா சளைக்காமல் திருத்துகிறார். அட்டைகளை அவரே வைத்துக்கொண்டார். கட்டிலை ஒட்டி ஓர் இரும்பு நாற்காலி. இருபது வருடம் அவன் உட்கார்ந்த இடம். அரை மணி நேரத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஏதாவது சாக்குச் சொல்லி ஓடிவிட வாய் துறுதுறுக்கிறது. தணிகாசலத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த நாற்காலிதான். போன ஞாயிறு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.