பனி மேட்டில் ஒரு பிரசவப் பயணம்

சில வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி காலை. நியூஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் தெரு பள்ளத்தில் இருக்கிறது. மெயின் ரோட்டுக்குப் போக ஒரு மேடு ஏறியே ஆக வேண்டும்.

எனக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஸ்னோ என்று லீவு போட முடியாது. அதனால் அந்த வருடம் என் சின்ன காருக்கு நான்கு விண்டர் டயர் போட்டேன். "குத்தி நிக்க ஆணி கூட இல்ல, வெறும் ரப்பர் எப்படி ஐஸைப் பிடிக்கும்?" என்று என் கணவருக்கு ஒரே சிரிப்பு. விஷயம் அந்த ரப்பரில்தான். சாதாரண டயர் குளிரில் கட்டை மாதிரி இறுகிவிடும். இது மெத்தென்றே இருக்கும். மேலே பிளேடால் கீறியது போல மெல்லிய பிளவுகள் வேறு. சக்கரம் உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்விக்கொள்ளும்.

அன்று வேலைக்குக் கிளம்ப வெளியே வந்தால், எதிர் வீட்டுக்காரரின் பெரிய எஸ்யூவி மேட்டில் உறுமிக்கொண்டிருந்தது. சாதாரண டயர்தான்; நான்கு சக்கரமும் சுற்றுகிறதே தவிர, வண்டி ஏறவில்லை. அப்படியே சறுக்கி ஓரத்துப் பனிக் குவியலில் போய் முட்டி நின்றது. அவர் இறங்கி ஓடி வந்தார்.

"அக்கா, அவளுக்கு வலி வந்துருச்சுங்க! ஆம்புலன்ஸ் வர லேட்டாகும்ங்கறாங்க."

கணவன், மனைவி இருவரும் கோயம்புத்தூர்க்காரர்கள். முதல் பிரசவம். ஊரிலிருந்து அவள் அம்மா வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

"என் வண்டில ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கார் கதவைத் திறந்தேன். டயரைப் பார்த்துச் சிரித்த என் கணவரே ஓடி வந்து என் கார் கண்ணாடியில் கிடந்த பனியை வழித்துத் தள்ளிக் கொடுத்தார்.

மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக, மிக மெதுவாக அழுத்தினேன். நறநறவென்று பனியை மிதித்துக்கொண்டு கார் ஏறியது. பாதியில் ஒரு நொடி பின்பக்கம் லேசாக அசைந்தது. பின் சீட்டில் அவள் கணவர் "முருகா, முருகா" என்றார். நான் காலை எடுக்கவில்லை. டயர் மறுபடி பிடித்துக்கொண்டது. ஏறிவிட்டோம்!

சிக்னலுக்கு முன்னால் ரோடு கண்ணாடியாக மின்னியது. வெறும் ஐஸ். எந்த டயரானாலும் அங்கே வீரம் காட்டக்கூடாது. தூரத்திலிருந்தே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, ஊர்ந்துபோய் நிறுத்தினேன். வலிக்கு நடுவில் அவள் சொன்னாள்:

"அக்கா, எங்க ஊர் மாட்டு வண்டி உங்கள ஓவர்டேக் பண்ணிரும்!"

அவ்வளவுதான், மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் வீல்சேரில் உட்கார்ந்தும் அவள் என் கையை விடவில்லை.

மதியம் லேபில் இருந்தபோது போன் வந்தது. "பொண்ணுங்க்கா!" என்று கத்திய அவள் கணவர், அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். நானும் கிளவுஸோடு நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.

அமெரிக்கா வந்த நாளிலிருந்து, 'ஆத்திர அவசரத்துக்கு இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்' என்று எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன். நானே ஒருவருக்கு அந்த யாரோவாக இருக்க முடியும் என்று தெரிந்துகொண்ட பிறகு, இந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தெரிவதே இல்லை.