வயரைப் பிடுங்கிய பிறகு கேட்ட பாட்டு

என் வீட்டுக்காரர் ஆரணியில் நெசவாளர்களிடம் பட்டுப்புடவை வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு பேரும் நிதானமானவர்கள் என்று தெருவில் ஒரு பெயர் இருந்தது. அவருக்கு நல்ல ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கும் ஆசை வந்த பிறகு அந்தப் பெயரில் அவருடைய பங்கு போய்விட்டது.

முதலில் ஸ்பீக்கர் வந்தது. அப்புறம் ஆம்ப்ளிஃபயர். அப்புறம் இண்டர்நெட்டிலிருந்து பாட்டை எடுத்துப் பாடும் பிளேயர். எல்லாம் மாடியில், புடவை அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் போயின. பட்டு அடுக்குகள் எதிரொலியை விழுங்கிவிடுகின்றன, சென்னையில் காசு கொட்டினாலும் இப்படி ஓர் அறை அமையாது என்று அவர் கண்டுபிடித்தார். அந்தக் கண்டுபிடிப்பால் வியாபாரம்தான் சிரமப்பட்டது. ஒருநாள் போளூரிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவை பார்க்க வந்தது. மூலை அலமாரியில் இருந்த அரக்கு நிறப் புடவையைக் கல்யாணப் பெண் கை காட்டினாள்.

"அது வேணாம்மா, வேற பாருங்க" என்றார் இவர்.

"யாருக்காவது எடுத்து வெச்சிகீறீங்களா?" என்று பெண்ணின் அம்மா கேட்டார்.

"அப்டி ஒண்ணும் இல்லீங்க. அந்த மூலைல கை வெச்சா பேஸ் போயிடும்."

பாட்டின் கனத்த அடிச்சத்தத்தைத்தான் அவர் பேஸ் என்றார். அந்த அம்மாள் யோசித்தார். "வாஸ்துவா?" என்றார் மெதுவாக.

"அந்த மாதிரிதான்."

அவர்கள் மரியாதையாகத் தலையாட்டி வேறு புடவை எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது அந்த மூலையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஸ்விட்ச் வந்தது. லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை. இண்டர்நெட் வயரை உள்ளே வாங்கி, இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் ஒரு பெட்டி. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இண்டர்நெட் மாட்ட வந்த ஆள் வைத்துவிட்டுப் போன சின்ன பிளாஸ்டிக் பெட்டி, பிளேயருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் அதுதான் வயரைப் பிரித்துக்கொடுத்தது. ஆனால் பாட்டு ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, சாதாரண ஸ்விட்ச் வழியாக மின் இரைச்சல் என்கிற அழுக்கு பாட்டுக்குள் வருகிறது, இசைக்கென்றே செய்த ஸ்விட்ச் வேண்டும் என்று இவருக்குச் சொல்லியிருந்தார்கள். கூரியரில் வந்த பெட்டி செங்கல் கனம் இருந்தது. விலையை நான் கேட்கவில்லை. அவரும் அந்த வாரம் முழுக்க என்னிடம் ரொம்ப அன்பாக இருந்தார்.

மாட்டிவிட்டு ஒரு நாதஸ்வரக் கச்சேரியை ஓடவிட்டார்.

"கேட்டியா? நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவுல ஒரு ஆள் நடந்து போலாம். அவ்ளோ இடம் கீது."

"ஏங்க, வயர்ல வரது வெறும் எண்ணுங்க. ஒண்ணு, சைபர். வந்தா சரியா வரும், இல்லன்னா வராது. நடுவுல இன்னா அழகாவும்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எண்ணுன்னாலும் அவ்ளோ தூரம் வரும்போது களைச்சிப் போவாதா?"

கணக்கு சொல்லிக்கொடுத்த இத்தனை வருஷத்தில் களைத்துப்போன எண்ணை நான் பார்த்ததில்லை. களைத்துப்போன பிள்ளைகளைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இராத்திரி சாப்பிடும்போது, ஒருவேளை எனக்குத்தான் காது சரியில்லையோ என்று தோன்றியது. மறுநாள் வகுப்பில் பின்வரிசை சத்தத்தை உன்னிப்பாகக் கேட்டுப் பார்த்தேன். நன்றாகவே கேட்டது.

அவர் சொல்வதைச் சோதிக்க ஒரு தடை இருந்தது. பக்கத்து வீட்டில் விசைத்தறிகள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவர் அதிரும். தறி நிற்பது மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில்தான். அன்று நாங்கள் இன்வெர்ட்டரில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். தெரு அமைதியாக இருந்தது. பாட்டு வரவில்லை. தெருமுனையில் இருக்கும் இண்டர்நெட் பெட்டிக்கும் கரண்ட் இல்லை. பாட்டு வரும் நாளில் அமைதி இல்லை, அமைதி வரும் நாளில் பாட்டு இல்லை. அவர் மனம் உடைந்துபோனார். அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் நானே பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம கொஞ்ச நேரம் தறிய நிறுத்த முடியுங்களா?"

"ஏம்மா, யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?"

"இல்லண்ணே. ஸ்விட்ச் நல்லா கீதா இல்லியான்னு பாக்கணும்."

தறிக்காரர் ஒன்றும் புரியாமல் ஒத்துக்கொண்டார். ஆனால் தானும் வேலையாட்களும் வந்து கேட்போம் என்று ஒரு நிபந்தனை போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறை நிறைந்தது. பிளேயரையும் இரண்டு ஸ்விட்சையும் மறைத்து ஒரு புடவையைத் திரையாகக் கட்டினோம். நான் திரைக்குப் பின்னால். முதல் தடவை எனக்குப் பிடித்த ஏதோ ஒரு ஸ்விட்சில் பிளேயரின் வயரைச் சொருக வேண்டும். இரண்டாம் தடவை மாற்றினாலும் சரி, மாற்றாவிட்டாலும் சரி. வாயே திறக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அதே நாதஸ்வரம்.

முதல் தடவை பழைய பிளாஸ்டிக் பெட்டியில் சொருகினேன். "சுமாரா கீது" என்றார் தறிக்காரர். என் வீட்டுக்காரர் "ம்" என்றார், டாக்டர் மாதிரி.

இரண்டாம் தடவை என் வீட்டுக்காரர் போன் வழியாகப் பிளேயரில் பாட்டைத் தொடங்கிவிட்டார். மாற்றலாமா வேண்டாமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன். சரி, இப்போதாவது மாற்றலாம் என்று வயரைப் பிடுங்கினேன். பாட்டு நின்றுவிடும், திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். நிற்கவில்லை. நாதஸ்வரம் தன் பாட்டுக்கு மேலே ஏறிக்கொண்டே போனது. வயர் என் கையில். எந்த ஸ்விட்சிலும் இல்லை. பாட்டு முழுவதும் முன்னாலேயே வந்து பிளேயரின் நினைவில் உட்கார்ந்துவிட்டது என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

திரைக்கு அந்தப் பக்கம் பாராட்டு தொடங்கியது.

"ஆங்! இப்போ பாருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆமா சார், மொதல்ல பாலியஸ்டர் மாதிரி இருந்துச்சி. இது பட்டு" என்றார் தறிக்காரர்.

"தவிலு தோ, ஜன்னலாண்ட உக்காந்துகினு வாசிக்கிறாரு" என்றார் ஒரு வேலையாள். எல்லோரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது திரை வழியாக நிழலாகத் தெரிந்தது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. திரையை விலக்கிவிட்டு வயரைத் தூக்கிக் காட்டினேன்.

"இது எங்கியுமே சொருகல. என் கைலதான் கீது."

நாதஸ்வரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வயரைப் பார்த்தார், பிளேயரைப் பார்த்தார். எனக்கே பாவமாகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் செய்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அதான்! வயரே இல்ல. அழுக்கு எப்டி வரும்?"

"கரெக்ட் சார்" என்றார் தறிக்காரர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்கும் முறை மாறியது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பாட்டைத் தொடங்குவார். "ஜல்தி, புடுங்கு!" என்பார். நான் பிடுங்க வேண்டும். அடுத்த பாட்டுக்குச் சொருக வேண்டும், மறுபடி பிடுங்க வேண்டும். நீளமான கச்சேரியில் சில சமயம் பாட்டு நடுவில் அறுந்துபோகும். "பேஜாரா பூடுச்சே" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். செங்கல் ஸ்விட்சைத் தறிக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் சிசிடிவி கேமராவுக்கு மாட்டினார். தறிகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிவதாகச் சொன்னார்.

இவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினார். சிரிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். பெரிய விவாதம் நடந்தது. பிடுங்கிய வயரைத் தரையில் போடலாமா, மரப்பலகையில் வைக்க வேண்டுமா என்று ஒரு கட்சி. எந்த வயரைப் பிடுங்கினால் ஒலி நன்றாக இருக்கும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் வெள்ளிப்பூச்சுப் போட்ட வயர்தான் பிடுங்குவதற்கு உகந்தது என்று முடிவானது.

வெள்ளிப்பூச்சு வயர் போன வாரம் வந்தது. சொருகினோம், பாட்டைத் தொடங்கினார், நான் பிடுங்கி மரப்பலகைமேல் வைத்தேன். தறிச் சத்தம் சுவரைக் குலுக்கிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியபடியே, "வித்தியாசம் தெரிதா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். தவில் நிஜமாகவே கொஞ்சம் தள்ளி, அலமாரி பக்கம் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

"இருக்கா இல்லியான்னு தெரியலீங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்போதும் இல்லை என்றே அடித்துச் சொல்லும் நான் தெரியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்துபோய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து தன் பக்கத்தில் போட்டார்.