நான் அழித்த ஊர் வரைபடம்

ரேவதி செய்த இணையப் பக்கத்தை அழித்தது நான்தான். கணினி பழுதாகவில்லை, மின்சாரம் போகவில்லை. நானே அழித்தேன்... அழித்துவிட்டு, பழியை அவள்மேல் போட்டேன்!

இதை உங்களிடம் சொல்லவும் பயமாகத்தான் இருக்கிறது. உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் கணினி ஆசிரியை. நீங்கள் அந்த ஊர்க்காரராக இருந்துவிட்டால்?

ஒன்பதாம் வகுப்பில், 'எங்கள் ஊர்' என்று ஆளுக்கொரு சின்ன இணையதளம் செய்யச் சொன்னேன். இணைய இணைப்பெல்லாம் கிடையாது. நோட்பேடில் எழுதி, அதே கணினியில் திறந்து பார்ப்பதுதான். பிள்ளைகள் ஏரியையும் கோயிலையும் போட்டு எழுத்துகளை மின்ன விட்டார்கள். ரேவதி மட்டும் ஊரின் வரைபடம் போட்டிருந்தாள். ஒரு தெருவின் பெயரைத் தொட்டால், அந்தத் தெருவில் சாமி ஊர்வலம் போகும் படம் வரும். கடைசியில் காலனி, அவள் வீடு இருக்கும் இடம். தொட்டேன். ஆளில்லாத சாலை. கீழே ஒரே வரி: 'சாமி இந்த முனையோடு திரும்பிவிடும்.'

என் மாணவியா இது என்று பூரித்துப் போனேன். அடுத்த கணமே பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் இந்தப் பக்கங்களை ஊருக்குக் காட்டும் கண்காட்சி. திறந்து வைக்க வருபவர், எங்களுக்குக் கணினிகள் வாங்கித் தந்த பெரிய நிலக்காரர். ஊர்வலத்தை முன்னின்று நடத்துபவரும் அவரே! கோபித்துக்கொண்டால்? கணினிகளைத் திரும்பக் கேட்டால்? அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாரும் மிரட்டாமலே பயந்தவள் நான்...

காலையில் பிள்ளைகள் வருமுன் வேலையை முடித்துவிட்டேன். ரேவதி வந்து தேடினாள். மறுபடி மறுபடி தேடினாள்.

"இன்னா மிஸ், காணோம்? நேத்து இருந்துச்சே!"

"மூடும்போது எதையாவது அமுக்கி டெலிட் பண்ணியிருப்ப. கவனம் வேணாமா?"

சண்டை போட்டிருந்தால் உண்மையைக் கக்கியிருப்பேனோ என்னவோ... "சாரி மிஸ், என் தப்புதான்" என்றாள். அன்று முழுவதும் மற்றவர்களின் கணினிகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பிளஸ் ஒன்னில் அவள் கணினிப் பிரிவு கேட்கவில்லை. "பயமா கீது மிஸ், எதனா அழிச்சிடுவேன்." அப்போதாவது சொன்னேனா? இல்லை!

இப்போது கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறாள். போன வாரம் தங்கையைப் பிளஸ் ஒன் சேர்க்க அழைத்து வந்தாள். தங்கைக்குக் கணினிப் பிரிவுதான் வேண்டுமாம்.

"வாணாம் மிஸ். எங்க வூட்டு ஆளுங்களுக்கு அது கைக்கு வராது. நான் பண்ண வேலைதான் உங்களுக்கே தெரியுமே!" என்று ரேவதி சிரித்தாள்.

தங்கை என் முகத்தையே பார்த்தாள். நான் 'இல்லை' என்று மறுப்பேனென்று காத்திருந்தாள் போலும்.

தெரியும் என்று தலையாட்டினேன். சேர்க்கை விண்ணப்பத்தில் வேறு பிரிவை என் கையாலேயே எழுதினேன்.

அந்த விண்ணப்பம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. நாளை மாலைக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அதற்குள் சொல்லிவிடுவேனா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்... எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.