நான்காவது ஏசி

அலுவலகத்தில் அவருக்குக் குளிர்க்காரர் என்று பெயர். சர்வர் கூடத்தின் நான்கு பெரிய ஏசிகளையும் பத்தொன்பது வருடமாக அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வெப்பமானி சட்டைப்பையில் இருக்கும். ஆனால் முதலில் நம்புவது புறங்கையை. காலையில் சர்வர்களை அடுக்கிய ரேக்குகளின் பின்சந்தில் நடந்துபோய், வெளியே வரும் காற்றில் புறங்கையைக் காட்டுவார். “ஏழாவது இன்னிக்கு ரொம்ப உழைக்குது” என்பார். திரையைத் திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

தன் சகலையை அங்கே வேலைக்குச் சொல்லிவிட்டதும் அவரே. மனைவியின் தங்கையைக் கட்டியவன், இவரைவிட ஏழு வயது இளையவன். சர்வர் பிரிவில் சேர்ந்த புதிதில், எந்த ரேக் எங்கே இருக்கிறது என்று இவரைக் கேட்டுத்தான் நடந்தான். அதுவரை அவன்மேல் இவருக்குப் பிரியம்தான்.

கோணல் விழுந்தது மாமனார் வீட்டில். பழைய ஃபிரிஜ்ஜை உயிர்ப்பித்துக் கொடுத்த நாளிலிருந்து, சாப்பாட்டு மேசையில் மாமனாருக்குப் பக்கத்து நாற்காலி குளிர்க்காரருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் சகலை உட்கார்ந்து, கடைசி வரிசையின் பன்னிரண்டு ரேக்குகளையும் எடுத்துவிட்டு மூன்றே புது ரேக்குகள் வைக்கப்போவதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“போன் பேட்டரி ஒரு நாள் தாங்கணும்ல மாமா, அதனால போன்ல இருக்கிற சிப்புக்குப் பிறந்ததுலேருந்தே சிக்கனம் பழக்கம். அதே வம்சத்தைப் பெருசாக்கி சர்வர்ல வெச்சிருக்காங்க. அதே வேலை, பாதி கரண்ட். சூடும் அவ்வளவா வராது.”

செல்போனில் வந்த அழைப்பை எடுக்கத் தெரியாமல் துண்டித்துவிடும் மாமனார், எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினார். குளிர்க்காரர் ஓரத்து முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆறு வாரம் சோதனை. புது ரேக்குகள் ஒருமுறைகூட நிற்காமல் ஓடிவிட்டால் கூடம் முழுக்க அவைதான். சகலைதான் கூடத்துக்குப் பொறுப்பாளர் ஆவான். பிறகு குளிர்க்காரர் ஏசிப் பதிவேட்டை நாள்தோறும் அவனிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். சம்பளத்தில் ஒன்றும் குறையாது. அந்தக் கையெழுத்துதான் அவருக்கு உறுத்தியது.

முதல் நாளே பின்சந்துக்குப் போய்ப் புறங்கையைக் காட்டினார். சூடே இல்லாமல் வெறும் மின்விசிறிக் காற்று மாதிரி வந்தது. நேராக மேலாளரிடம் போய், மெஷின் வெறுமனே நிற்கிறது, வேலையே கொடுக்காமல் கணக்குக் காட்டுகிறார்கள் என்றார். மேலாளர் சகலையைக் கூப்பிட்டார். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். பழைய பன்னிரண்டு ரேக்குகளின் வேலையும் அதில் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. “எனக்கே முதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு சகலை” என்று அவன் சிரித்தான். நக்கலாகச் சிரித்திருந்தால் பரவாயில்லை என்று குளிர்க்காரருக்குத் தோன்றியது.

அந்த வாரக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார், குளிர் பக்கம் எதையாவது மாற்றவேண்டுமா என்று. மாற்றவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நான்காவது ஏசி பன்னிரண்டு ரேக்கின் சூட்டுக்கு அளவெடுத்துப் பொருத்தியது. அது இழுக்கும் காற்றில் சூடு இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருளில் பனி படியும். பனி கெட்டியானால் காற்று போக வழி அடைபடும். மற்றவர்களுக்குத் தெரியாது, ஏசி பழுதாவது சூட்டால்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள்.

“ஒண்ணும் வேண்டாம் சார். எல்லாம் சரியா இருக்கு” என்றார்.

வீட்டில் மனைவி தங்கையோடு போனில் பேசிவிட்டு வந்து, அவர் நல்லா வந்தா நமக்கும் பெருமைதானே என்றாள். அந்த வாரத்தில் அதை அவள் சொன்னது நான்காவது முறை. அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

ஐந்தாம் வாரம் திங்கட்கிழமை நான்காவது ஏசியின் கதவைக் கழற்றினார். சுருளின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. கதவை மாட்டி நான்கு திருகையும் முடுக்கினார். பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதினார். பத்தொன்பது வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. கையெழுத்து மட்டும் வழக்கம்போல அழகாக விழுந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு சகலை ஓடிவந்தான். ரேக் முன்னால் காற்று சுத்தமாகக் குறைந்துவிட்டதாம், மெஷின் சூடேறுகிறதாம், இன்னும் அரைமணி நேரத்தில் தானாகவே நின்றுவிடுமாம். இருவரும் பின்சந்துக்குப் போனார்கள். குளிர்க்காரர் புறங்கையைக் காட்டினார். சுட்டது. அந்த மெஷினிடமிருந்து வந்த முதல் சூடு. ஒரு நொடி அவருக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது.

சகலை குரலைத் தாழ்த்தினான்.

“சகலை, ஏசின்னு எழுதினா உங்களைத்தான் கேப்பாங்க. மெஷின் கோளாறுன்னே எழுதிடறேன். எனக்கு இன்னொரு வாய்ப்பு வரும். உங்க பேர் கெடக்கூடாது.”

குளிர்க்காரர் அவன் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்கிற முகம் இல்லை. தோற்றால் பார்த்து ரசிக்கலாம் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தார்; அவனோ தோற்பதையும் இவருக்கு உபகாரமாகவே செய்யப் பார்க்கிறான். தோற்றும் அவன் உயரத்தில் நிற்பான். இவர் காலம் முழுக்க அவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

“உன் தானம் ஒண்ணும் எனக்கு வேண்டாம்” என்றார். “மெஷின் நல்லாத்தான் இருக்கு. என் ஏசிதான் அதுக்குப் பெருசு. உள்ள பனி கட்டியிருக்கு.”

“எப்பலேருந்து?”

“திங்கக்கிழமையே பார்த்தேன்.”

குளிர்க்காரர் நான்காவது ஏசியை நிறுத்தினார். குளிர்காற்று தரைக்கு அடியில்தான் ஓடும்; தரைப்பலகைகளில் துளையிட்டவை இரண்டைத் தூக்கிப் புது ரேக்குகளின் முன்னால் மாற்றிப் போட்டார். மூன்றாவது ஏசியின் காற்று அந்த வழியாக ஏறியது. இருபது நிமிடத்தில் பின்சந்துச் சூடு அடங்கியது. மெஷின் நிற்கவில்லை. நின்ற ஏசிக்கு அடியில் வாளி வைத்து, பனி உருகிச் சொட்டுவதைக் கடைசிச் சொட்டு வரை உட்கார்ந்து பார்த்தார். பிறகு பதிவேட்டை எடுத்துத் திங்கட்கிழமை எழுதிய ‘சரி’யை அடித்து, பக்கத்தில் ‘பனி பார்த்தேன், சொல்லவில்லை’ என்று எழுதினார். அன்றைய தேதியில்: ‘நான்காவது ஏசி இனி தேவையில்லை.’

மெஷின் சோதனையில் தேறியது. பதிவேட்டின் அந்தப் பக்கத்தை வேறு யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. பாராட்டுக் கூட்டத்தில் சகலை எழுந்து, என் சகலை மட்டும் சரியான நேரத்தில் கண்டுபிடிக்காவிட்டால் மெஷின் நின்றிருக்கும் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். திங்கட்கிழமையைப் பற்றி அவன் யாரிடமும் மூச்சுவிடவில்லை, வீட்டிலும்கூட.

“உங்களைப் பத்தி எல்லார் முன்னாடியும் பெருமையா சொன்னாராமே” என்றாள் மனைவி.

“சொன்னான்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“அவன் சொல்லாம இருந்திருக்கலாம்.”

இப்போது காலை ஒன்பது மணிக்குப் பதிவேடு சகலையின் மேசைக்குப் போகிறது. பொறுப்பாளர் கையெழுத்து மேல்கோட்டில் என்பது அலுவலக வழக்கம். அவன் ஒருநாளும் அங்கே போடுவதில்லை. மேல்கோட்டை இவருக்கு விட்டுவிட்டு, கீழே சின்னதாகப் போடுகிறான். குளிர்க்காரர் தினமும் அதைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மேல்கோட்டில் கையெழுத்திடுகிறார்.