தலைவர் சொல்லாத வாசகமும் சின்னச்சாமி அண்ணனும்

சின்னச்சாமி அண்ணன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் பிளக்ஸ் கடைக்காரர். பால் சங்கத்து வரிசையில் நின்றிருந்தேன். போன் வந்தது. "ஏனுங்க, அண்ணன் போட்டோவுக்குக் கீழ தலைவர் வாசகத்தைப் போட்றலாமுங்களா?" என்றார். எந்த அண்ணன் என்று கேட்டேன். "அய்யோ, உங்களுக்கு இன்னும் தெரியாதுங்களா?" கேனை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கேரள எல்லையிலுள்ள எங்கள் மீனாட்சிபுரம் பக்கத்துக் கூட்டங்களில் மலையாளத்தில் பேசுகிறவர்களுக்கு அருகில் நின்று, வரிக்கு வரி தமிழில் சொன்னவர் அண்ணன். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார். "மைக்குக்கு ஏதுங்க கட்சி?" என்பார். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதியும் தேறாத என்னைத் தனக்குத் துணையாக வைத்துக்கொண்டதுதான் அவர் செய்த ஒரே தவறு என்பாள் என் மகள். அது இரண்டாவது தவறு. முதலாவதை அவரே ஒருநாள் என்னிடம் சொன்னார்.

பல வருடங்களுக்கு முன் பால்காரர்கள் கூட்டத்தில் ஓர் அமைச்சர், மறைந்த கம்யூனிஸ்ட் தலைவரின் வாசகம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அந்தத் தலைவர் தலைமறைவாக இருந்து போராடியவர்; இன்று எல்லா மேடையிலும் படமாகத் தொங்குகிறவர். வாசகம் நீளமானது, இலக்கிய மலையாளம். அண்ணனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூட்டம் அவர் வாயையே பார்த்திருக்கிறது. "கறக்கற கையக் கேக்காம பாலுக்கு வெல வெக்காதீங்கன்னு தலைவர் சொன்னாருங்க" என்று அடித்துவிட்டார். கைதட்டல் ஓயவில்லை. அமைச்சர் குனிந்து என்னவென்று கேட்டு, குறித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அந்த வரி இல்லாத மேடை இல்லை. தலைவர் உயிரோடு இருந்தபோது அவரைத் திட்டியவர்களும் சொன்னார்கள். நூலகத் திறப்பிலும் சொன்னார்கள். நம்மைக் கேட்காமல் பாலுக்கு விலை வைத்தவர்கள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்கள்.

"அந்த மனுசன் ஒரு மாடு புடிச்சுக் கட்டுனவரில்ல தம்பி. அவரு வாயில நான் திணிச்சுப்போட்டேன். புரியலீன்னா புரியலீன்னு சொல்லியிருக்கோணும்" என்றார் அண்ணன். "நானா எந்திரிச்சு, புரியாம உளறுனதுன்னு சொன்னா தன்னடக்கம்ங்கறாங்க. என்ற எழவுக் கூட்டத்துலயாச்சும் நீ சொல்லிப்போடு."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அஞ்சலிக் கூட்டத்தில் மொழிபெயர்க்க ஆளில்லாமல் என்னையே நிறுத்தினார்கள். முதலில் பேசியவர் அந்த வரியைச் சொன்னார். என் வாய் பழக்கத்தில் அதைத் தமிழாக்கிவிட்டது. எதிர்க்கட்சிக்காரரும் அதையே சொன்னார். அதையும் தமிழாக்கினேன். மூன்றாமவர் ஆரம்பித்தபோதுதான் தைரியம் வந்தது. "இது தலைவர் சொன்னதில்லீங்க. நம்ம அண்ணன் பயத்துல சொன்னதுங்க."

கூட்டம் சிரித்தது. ஊரில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பார்கள். அது நானே சம்பாதித்த பெயர். பேசியவர் என் தோளில் கைபோட்டு, தலைவரும் சின்னச்சாமியும் வேறு வேறா என்று மலையாளத்தில் கேட்டார். மறுபடி கைதட்டல். சோர்ந்துபோய் அதையும் மொழிபெயர்த்தேன்.

ஆகவே அண்ணனை அறிந்த உங்களுக்கு எழுத்தில் சொல்கிறேன். அந்த வரி தலைவருடையது அல்ல. மீனாட்சிபுரத்தில் நான்கு மாடு வைத்திருந்த சின்னச்சாமியுடையது. இனி சொல்கிறவர்கள் அவர் பெயரில் சொல்லுங்கள். இல்லையென்றால் சும்மா இருங்கள்.

அன்று மேடையில் அந்த மூன்றாவது பேச்சாளர் அதோடு நிறுத்தவில்லை. அடுத்து நீளமாக ஒன்று சொன்னார். எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. கூட்டம் என் வாயைப் பார்த்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், தட்டியிருப்பார்கள். "எனக்குப் புரியலீங்க" என்றேன். யாரும் தட்டவில்லை. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.